23 பேர், ஒரு பாட்டி, ஒரே நாள்

கேள்வி: சித்திரை வருசப்பிறப்புக்குக் கொழும்பிலிருந்து அண்ணன்மார், அக்கா குடும்பம் எல்லோரும் ஹட்டனுக்கு வருகிறார்கள். மொத்தம் 23 பேர். நுவரெலியா போகலாம் என்றால் இளசுகள் ஹோர்ட்டன் சமவெளிதான் வேண்டும் என்கிறார்கள். 80 வயது அம்மாவை என்ன செய்வது?

பதில்: அம்மாவை வைத்துக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளி வேண்டாம். சுற்றி வர ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நடை, அதுவும் உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பனிமூட்டம் மூடுவதற்குள் போய்ச் சேர விடியற்காலையிலேயே கிளம்பவேண்டும். இளசுகள் இன்னொரு நாள் தனியாகப் போகட்டும்.

நீங்கள் நுவரெலியாவுக்கே ஒரு பஸ்ஸைப் பேசிக்கொண்டு காலையிலேயே புறப்படுங்கள். வழியில் டெவன், சென் கிளயர் அருவிகளைப் பார்த்துக்கொண்டு நேரே சீதா எலிய கோயிலுக்குப் போய்விட்டால், அங்கிருந்து ஹக்கல பூங்கா பக்கம்தான். 1861இல் சிங்கோனா (கொய்னா மருந்து எடுக்கும் மரம்) பயிரிட ஆரம்பித்த இடம் அது. அம்மா நிழலில் உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகள் ஓடலாம். சாப்பாட்டுப் பையை மட்டும் குரங்குகளிடம் விட்டுவிடாதீர்கள் (எங்கள் வடை போனது அப்படித்தான்). சீசன் நேரத்தில் கடைச் சாப்பாடு 23 பேருக்குக் கட்டாது, வீட்டிலேயே வாழையிலையில் சோறு கட்டிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பின்னேரம் இடியோடு மழை வரும், நுவரெலியா நகரில் உள்ள கிரகரி வாவியைக் கடைசிக்கு வைத்தால் நனைந்துகொண்டுதான் பார்க்கவேண்டும். அப்புறம், அம்மாவுக்கு ஜன்னலோர சீட்டும் ஒரு கம்பளியும்.