விரல் மரத்துப்போனால் மறைக்காதீர்கள்: குடல் புற்றுநோய்க்கான பிளாட்டினம் மருந்து பற்றி வாசகர் கேள்விகள்

எங்க மாமனாருக்கு 58 வயசுங்க, விசைத்தறி ஓட்டுறவர். பெருங்குடலில் கட்டியை எடுத்து, மூன்றாம் நிலைன்னு சொல்லி முதல் கீமோ ஏத்தினாங்க. மறுநாள் ஃபிரிட்ஜ் மோரை ஒரு வாய் குடிச்சதும் தொண்டை அடைச்சு, மூச்சே நின்ன மாதிரி ஆயிருச்சுங்க. பால் பாக்கெட்டைத் தொட்டா கையில கரண்ட் அடிக்குதுங்கறார். அலர்ஜிங்களா? மருந்தை நிறுத்திரலாமுங்களா?
– வாசகி, பல்லடம்

அலர்ஜி இல்லை. அவருக்கு ஏற்றியது ஆக்சாலிபிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்து. குளிர் பட்டால் நரம்பு துள்ளுவது இந்த மருந்தின் அடையாளம். இது உடம்பில் பிரியும்போது வெளிவரும் ஆக்சலேட், நரம்பைச் சுற்றியுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் நரம்பு காரணமில்லாமல் தூண்டப்படுகிறது என்று கருதப்படுகிறது. குளிர் அந்தத் தூண்டலை ஏற்றிவிடும். விரல் நுனி, உதடு, தாடை, தொண்டை ஆகியவை முதலில் காட்டும். தொண்டையில் வரும்போது மூச்சு நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் காற்று போய்க்கொண்டுதான் இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜனும் குறையாது. பதறாமல் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சில நிமிடங்களில் தணியும். அடுத்த முறை போகும்போது மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வழக்கமாக 2 மணி நேரத்தில் ஏற்றுவதை 6 மணி நேரம் வரை நீட்டினால் தொண்டைத் தொல்லை குறையும்.

அலர்ஜி வேறு மாதிரி வரும். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அல்லது ஏறி முடிந்த சிறிது நேரத்தில் உள்ளங்கை அரிக்கும், முகம் சிவக்கும், தடிப்பு எழும், நெஞ்சு இறுகி இளைப்பு வரும். முதல் சுற்றைவிட ஐந்தாறு சுற்று தாண்டிய பிறகே இது அதிகம். "இத்தனை தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அப்படி எதுவும் தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மருந்து ஏறிய நாளிலிருந்து குறைந்தது ஐந்து நாள், தொல்லை நீடித்தால் அதற்கு மேலும், குளிரை முழுக்கத் தவிருங்கள். மோர், இளநீர், பழையசோற்றுத் தண்ணீர் எதுவானாலும் குளிர்ச்சி போனபின் குடிக்கட்டும். ஃபிரிட்ஜைத் திறக்கும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும். முகம் கழுவவும் பாத்திரம் தொடவும் வெந்நீர் கலந்த தண்ணீர். விடியற்காலையில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் இரண்டு சக்கர வண்டியில் போனால் மூக்கும் வாயும் மூடும்படி துண்டு கட்டி, கையுறை போடச் சொல்லுங்கள். வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் சப்பச் சொல்லும் பழக்கம், 5-எஃப்யூ (ஃப்ளூரோயூராசில்) என்ற கீமோ மருந்து தனியாக ஏறும்போது சரி. ஆக்சாலிபிளாட்டினோடு சேரும்போது வேண்டாம்.

இந்தக் குளிர்த் தொல்லைக்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அடுத்த கேள்வியில் வரும் மரப்பு.

பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லருங்க. 12 சுற்று சொன்னாங்க, 7 முடிஞ்சுது. முன்னெல்லாம் ரெண்டு மூணு நாள்ல சரியாகும். இப்ப அடுத்த கீமோ வர்ற வரைக்கும் விரல் நுனி மரத்தே கிடக்குது. ஊசியில நூல் கோக்க முடியல. சொன்னா மருந்தை நிறுத்திருவாங்களோ, நோய் திரும்பிருமோன்னு பயந்து இன்னும் சொல்லலைங்க.
– வாசகர், திருப்பூர்

இந்த வாரமே சொல்லுங்கள். குளிரால் வந்து போகும் மரப்பு வேறு, இது வேறு. பிளாட்டினம், முதுகுத்தண்டை ஒட்டிய உணர்வு நரம்பு முடிச்சுகளில் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் சுமார் 800 மில்லிகிராமை நெருங்கும்போது அன்றாட வேலையே கெடுவது அதிகமாகிறது. சுற்றுக்கு 85 மில்லிகிராம் என்றால் அது ஒன்பது பத்துச் சுற்றில் வந்துவிடும். இன்னொன்று, மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை மரப்பு கூடக்கூடும். அதனால் "இன்னும் கொஞ்சம் தாங்கிப் பார்க்கலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

நோய் திரும்புமோ என்ற உங்கள் பயத்துக்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. 2004-ல் வெளியான மொசைக் ஆய்வில் 2,246 பேர் இருந்தார்கள். 5-எஃப்யூவும் அதன் வேலையைக் கூட்டும் லூக்கோவோரினும் மட்டும் பெற்றவர்களில் 72.9 சதவீதத்தினர் மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஆக்சாலிபிளாட்டினும் சேர்த்தவர்களில் 78.2 சதவீதம். பிளாட்டினம் தரும் கூடுதல் பலன் உண்மை, ஆனால் பெரும்பாரத்தைச் சுமப்பது 5-எஃப்யூதான். டாக்டர் ஆக்சாலிபிளாட்டினை மட்டும் குறைத்தோ நிறுத்தியோ, 5-எஃப்யூவை அல்லது உடம்பில் 5-எஃப்யூவாக மாறும் கேப்சிடபைன் மாத்திரையை மீதிச் சுற்றுகளுக்குத் தொடர்வார். அது சிகிச்சை பாதியில் நிற்பது ஆகாது. மரப்பு விடாமல் இருந்தால் 85-ஐ 75 ஆகக் குறைப்பார்கள். கைவேலையே கெடும் நிலையில் நிறுத்துவார்கள்.

டாக்டரிடம் "கொஞ்சம் மரப்பு" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்: சட்டைப் பட்டன் போட முடிகிறதா, தரையில் விழுந்த குண்டூசியை எடுக்க வருகிறதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறீர்களா, மரப்பு எத்தனை நாள் நீடிக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள்.

மரப்போடு வலியும் எரிச்சலும் இருந்தால் டுலாக்செட்டின் என்ற மாத்திரை ஓரளவு உதவும்: முதல் வாரம் 30 மில்லிகிராம், பிறகு 60. வலியில்லாத வெறும் மரப்பில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கால்சியம்–மெக்னீசியம் ஏற்றினால் நரம்பு காக்கப்படும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பெரிய ஆய்வில் பலன் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் "நரம்புக்கு" என்று தரும் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். அசிட்டைல் எல்-கார்னிட்டின் இருந்தால் வாங்காதீர்கள். வேறொரு கீமோ பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அது மரப்பை அதிகப்படுத்தியது.

அதுவரை கையைக் காத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஊசி ஏறினாலும் தெரியாது. வெந்நீரின் சூட்டை விரலால் அல்ல, முழங்கையால் பாருங்கள். தேறுவதற்கு வழியும் இருக்கிறது. மொசைக் ஆய்வில் ஆக்சாலிபிளாட்டின் பெற்றவர்களில் 12.4 சதவீதத்தினருக்குச் சிகிச்சையின்போது கடுமையான நரம்புப் பாதிப்பு வந்தது. ஓராண்டு கழித்து அந்தக் கடுமை 1.1 சதவீதத்தினருக்கே மிஞ்சியது. லேசான மரப்பு மட்டும் சிலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கும்.

எனக்கு கீமோ 3 மாசம் போதும்ங்கறாங்க. எங்க ஊர்லயே இன்னொருத்தருக்கு இதே நோய்க்கு 6 மாசம். பணம் இல்லைன்னு குறைக்கிறாங்களா?
– வாசகர், பெருந்துறை

இல்லை. 12,834 பேரைச் சேர்த்து ஆராய்ந்து 2018-ல் வெளியான முடிவுகளே இந்த மாற்றத்துக்குக் காரணம். கட்டி குடல் சுவரின் வெளித்தோலைத் துளைக்காமல், பக்கத்து நெறிக்கட்டிகளில் மூன்று வரை மட்டும் நோய் இருந்தால், கேப்சிடபைன்–ஆக்சாலிபிளாட்டின் முறையில் மூன்று மாதம் பலனில் ஆறு மாதத்துக்குக் குறைந்தது அல்ல. ஆனால் நரம்புக்கு உள்ள வித்தியாசம் பெரியது: அன்றாட வேலையைத் தொடும் அளவு மரப்பு மூன்று மாதத்தில் 14.2 சதவீதம், ஆறு மாதத்தில் 44.9 சதவீதம். நோயுள்ள நெறிக்கட்டிகள் நான்கோ அதற்கு மேலோ என்றாலோ, கட்டி சுவரைத் தாண்டியிருந்தாலோ ஆறு மாதத்தைப் பற்றிப் பேசுவார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டியின் ஆழத்தைக் காட்டும் T, நெறிக்கட்டிகளைக் காட்டும் N என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர்க்காரருடைய எண்கள் வேறாக இருக்கும்.

சர்க்கரை நோயாளிங்க நான். கீமோவை குளுக்கோஸ் பாட்டில்ல கலந்து ஏத்தறாங்க. சலைன்ல கலக்கச் சொல்லலாமுங்களா?
– வாசகர், கரூர்

சொல்லக் கூடாது. சலைனில் உள்ள குளோரைடு ஆக்சாலிபிளாட்டினைச் சிதைத்துவிடும். 5 சதவீத குளுக்கோஸில்தான் கலக்க வேண்டும், குழாயைக் கழுவுவதும் அதில்தான். 500 மில்லியில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது. உங்கள் சர்க்கரையை உண்மையில் ஏற்றுவது வாந்தி வராமலிருக்கப் போடும் டெக்ஸாமெத்தசோன். அன்றும் அடுத்த இரண்டு நாளும் குளுக்கோமீட்டரில் பார்த்து, மாத்திரை அல்லது இன்சுலின் அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முன்பே பாதம் எரியுமானால் முதல் கீமோவுக்கு முன் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பின்னால் வரும் மரப்பைப் பிரித்தறிய அது வேண்டும்.

5-எஃப்யூ பாட்டிலை இடுப்புல கட்டி 46 மணி நேரம்னு வீட்டுக்கு அனுப்பறாங்க. பஸ்ல வரலாமுங்களா? எதைப் பார்க்கணும்?
– வாசகி, பொள்ளாச்சி

பஸ்ஸில் வரலாம். பாட்டிலுக்குள் உள்ள பலூன் மெல்லச் சுருங்கி மருந்தைத் தள்ளுகிறது. காலையும் மாலையும் பாருங்கள். அரை நாள் ஆகியும் சுருங்கவே இல்லை என்றால் கிளிப் மூடியிருக்கும், அல்லது குழாய் மடங்கியிருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துண்டு தோலோடு ஒட்டியே இருக்க வேண்டும். உடல் சூட்டுக்கு ஏற்பத்தான் அதன் வேகம் அமைந்திருக்கிறது. வெயிலில் பாட்டிலை வைத்தால் வேகம் கூடும். சில மணி நேரம் முன்பின் முடிவது சகஜம். ஒரே நாளில் முடிந்துவிட்டால் உடனே மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள்.

மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட்டைச் சுற்றி வீக்கமோ எரிச்சலோ வந்தால் கிளிப்பை மூடிவிட்டுப் புறப்படுங்கள். மருந்து கசிந்தால் கையுறை போட்டுத் துடைத்து, தோலில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முடிந்த பிறகும் இரண்டு நாள் கழிப்பறையில் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விடுவது வீட்டாருக்கு நல்லது.

கேப்சிடபைன் மாத்திரையில உள்ளங்கை தோல் உரியுது. வெறும் வயித்துல சாப்பிட்டா நல்லா பிடிக்கும்ங்கறாங்களே?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

வெறும் வயிற்றில் வேண்டாம். காலை, இரவு சாப்பாடு முடிந்து அரை மணிக்குள், தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாக்கக் கூடாது. வாந்தியில் வெளியே வந்தாலும் திரும்ப விழுங்கக் கூடாது. 14 நாள் முடிந்தால் ஏழு நாள் ஓய்வு. ஃபோலிக் ஆசிட் கலந்த சத்து மாத்திரை பக்கவிளைவைக் கூட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் இதோடு மோதும்.

உள்ளங்கை, பாதத்துக்கு யூரியா கிரீம் தடவுங்கள். டெல்லி எய்ம்ஸ் ஆய்வில் 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லை நாளுக்கு இரண்டு முறை தடவியவர்களில் 3.8 சதவீதத்தினருக்கே இந்தத் தொல்லை நடுத்தர அளவுக்கோ அதற்கு மேலோ போனது. மருந்தில்லாத போலி ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம். விலை குறைந்த ஜெல் என்பதால் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். தோல் வலித்து வேலை செய்ய முடியாவிட்டாலோ, வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். முதல் சுற்றிலேயே எல்லாம் கடுமையாக வந்தால் இந்த மருந்தை உடைக்கும் நொதி உங்களுக்குக் குறைவாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

கீமோ ஏறி பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல். டோலோ குடுத்துட்டுக் காலையில போகலாமுங்களா?
– வாசகர், தாராபுரம்

காலை வரை காத்திருக்காதீர்கள். ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம். மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர, ரத்தத்தில் பரவும் கிருமியைத் தடுக்காது. கீமோ பார்த்த மருத்துவமனைக்கு போன் செய்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடக்கூடிய பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர்" என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரும் ஏறிய தேதியும் எழுதிய சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனையையும் கையில் வைத்திருங்கள்.