தங்கை வீட்டு எல்லை

கேள்வி (கும்பகோணம் வாசகர்): ஜெர்மனியின் பெரிய தேசியக் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயக யூனியன், பெயரிலேயே மதத்தை வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது எப்படி?

பதில்: தேசியக் கட்சியா? பவேரியா மாநிலத்தில் அதற்கு ஓட்டுப் போட்டுப் பாருங்கள். வாக்குச் சீட்டில் பெயரே இருக்காது. அங்கே தங்கைக் கட்சியான கிறிஸ்தவ சமூக யூனியன் மட்டும்தான் நிற்கும். தங்கையும் பவேரியாவைத் தாண்டமாட்டாள். நாடாளுமன்றத்தில் மட்டும் இருவரும் ஒரே அணி. 1976இல் தங்கைக்கு ரோஷம் வந்தது. ஸ்ட்ராவுஸ் தலைமையில் க்ரொய்த் என்ற ஊரில் கூடி, இனித் தனிக்குடித்தனம் என்று தீர்மானம் போட்டார்கள். அப்படியானால் நாங்களும் பவேரியாவுக்குள் வருகிறோம் என்றது அக்காள் கட்சித் தலைவர் ஹெல்முட் கோலின் தரப்பு. ஒரு மாதம் கழிவதற்குள் தீர்மானம் வாபஸ்!

கூட்டணி ஆட்சி என்றால் நாடு குட்டிச்சுவர் என்று எனக்கு விடாமல் எழுதும் அன்பர்கள் கவனிக்கவும்: 1957இல் இந்த இரு கட்சிகளும் சேர்ந்து தனிப் பெரும்பான்மையே பெற்றன. அப்போதும் பிரதமர் அடினவர் ஒரு சிறிய கட்சியை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். நாடு முழுகிவிடவில்லை, பொருளாதாரம் கொழித்தது. அன்பர்கள் இதற்கும் பதில் எழுதுவார்கள், தெரியும்.

மதத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? ஹிட்லருக்கு முன்பு கத்தோலிக்கர்களுக்கென்று தனிக் கட்சி இருந்தது; புராட்டஸ்டன்டுகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போருக்குப் பின் இரு சபையாரையும் ஒரே மேடையில் ஏற்றியதுதான் புதிய கட்சியின் சாமர்த்தியம். கத்தோலிக்கரான கோல் பிரதமராக 16 ஆண்டுகள். புராட்டஸ்டன்ட் பாதிரியாரின் மகளான மெர்க்கலும் 16 ஆண்டுகள்.

எனக்குப் பிடித்தவர் அடினவர்தான். 1949இல், 73 வயதில், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பிரதமரானார். அந்த ஓட்டு அவருடையதே. கூச்சமே படாமல் ஒப்புக்கொண்டார். முதல் உலகப் போரில் பஞ்சம் வந்தபோது கொலோன் நகர நிர்வாகத்தில் இருந்த மனிதர், சோயா மாவில் சாஸேஜ் செய்யும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். இறைச்சி இல்லாததை சாஸேஜ் என்று சொல்ல முடியாது என்று ஜெர்மனி காப்புரிமை தர மறுத்துவிட்டது. எதிரி நாடான பிரிட்டன் கொடுத்தது! பிறகு 1945இல், கொலோன் மேயராக இருந்தவரைத் திறமை போதாது என்று வீட்டுக்கு அனுப்பியதும் பிரிட்டிஷ் ராணுவம்தான். வேலை போன மனிதர் முழுநேரமும் கட்சி வேலையில் இறங்கிவிட்டார்.