ஊர்வாசலில் கல்லறைகள்: பண்டைய கிரேக்க நகரங்கள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: கிரேக்கர்கள் இறந்தவர்களை ஊருக்கு வெளியேதான் புதைத்தார்களா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் ஆரம்பத்திலிருந்தே அப்படி இல்லை. ஏதென்ஸில் பிற்காலத்தில் சந்தை கூடிய அகோரா மைதானத்தைத் தோண்டினால், அடியில் கி.மு. 1000-ஐ ஒட்டிய கல்லறைகள் கிடைக்கின்றன. பெரியவர்களை நகருக்குள் புதைப்பது கி.மு. 500 வாக்கில்தான் ஏறக்குறைய நின்றது.

கேள்வி: அப்படியென்றால் இடுகாடு ஒதுக்குப்புறமாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்திருக்குமே?

அதுதான் இல்லை! ஏதென்ஸின் கெரமைகோஸைப் பாருங்கள். குயவர்கள் குடியிருந்த பகுதி அது. பெயரே அதிலிருந்து வந்ததுதான். நகரின் பெரிய வாசலான டிப்பிலானைத் தாண்டினால் சாலையோரம் வரிசையாகக் கல்லறைகள். எலூசிஸ் என்ற ஊருக்குப் போகும் திருவிழா ஊர்வலம்கூடப் பக்கத்து வாசல் வழியாகத்தான் போனது. வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படுவது கல்லறைதான் என்பதால் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுச் சிலை வைத்தன.

அங்கே எனக்குப் பிடித்தது டெக்சிலியோஸின் நினைவுக்கல். கி.மு. 394-இல் கொரிந்தியப் போரில் இறந்த குதிரைவீரன், வயது இருபதுதான். இறந்த ஆண்டோடு பிறந்த ஆண்டையும் பொறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது அபூர்வம். பத்து வருடம் முன்பு நடந்த கொடுங்கோல் ஆட்சிக்குக் குதிரைப்படையினர் பலர் துணைபோயிருந்தார்கள். 'எங்கள் பிள்ளை அப்போது சிறுவன்' என்று குடும்பம் சொல்லாமல் சொல்கிறது என்பது அறிஞர்களின் ஊகம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இந்த ஆடம்பரத்துக்கு கி.மு. 317 வாக்கில் அப்போது ஏதென்ஸை ஆண்ட பலேரோன் ஊர் டெமெட்ரியோஸ் சட்டம் போட்டு முடிவு கட்டினார். அப்புறம் சின்னத் தூண்கள்தான்.

கேள்வி: கல்லறைகளை யாரும் இடிக்க மாட்டார்களா?

அவசரம் வந்தால் இடிப்பார்கள். படையெடுத்து வந்த பாரசீகர் போன கையோடு, ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் சொல்லி ஏதென்ஸ்காரர்கள் மதில் எழுப்பியபோது கல்லறைக் கற்களையும் பெயர்த்து வைத்துக் கட்டினார்கள். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார், மதிலிலும் அந்தக் கற்கள் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: நகருக்குள்ளேயே புதைத்த ஊர் உண்டா?

ஸ்பார்ட்டா உண்டு. தெற்கு இத்தாலியில் இருந்த கிரேக்க நகரம் தாரந்தமும் உண்டு. 'பெரும்பான்மையோருடன் வாழ்ந்தால் நலம்' என்று அவர்களுக்கு அருள்வாக்கு வந்ததாம். பெரும்பான்மையோர் யார்? செத்தவர்கள்தானே! அதனால் மதிலுக்குள்ளேயே புதைத்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ்.

மற்ற ஊர்களில் நகருக்குள் இடம் கிடைப்பது தனி மரியாதை. கி.மு. 422-இல் இறந்த ஸ்பார்ட்டத் தளபதி பிராசிடாஸை ஆம்பிபோலிஸ் மக்கள் ஊருக்குள்ளேயே அடக்கம் செய்து, வேலி போட்டு, ஆண்டுதோறும் பலியும் போட்டிகளும் நடத்தினார்கள்.

கேள்வி: டெலோஸ் தீவில் சாகவே கூடாதாமே?

உண்மைதான். அப்போலோ கடவுளின் தீவு என்பதால், கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்தார்கள். இனி அங்கே பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது என்றார்கள். பிரசவமோ மரணமோ நெருங்கினால் பக்கத்து ரெனியா தீவுக்குப் படகு. தோண்டியெடுத்த எலும்புகளையும் பானைகளையும் ரெனியாவில் ஒரே குழியில் போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பானைகள் இன்று மைகோனோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.