மகளின் போனை அவளிடமே திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிச் சுற்றுலாவில் எடுத்த அவள் படத்தைப் போட்டு, அவள் பெயரிலேயே யாரோ இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கி அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் அது சுற்றுகிறது. என் வீட்டுக்காரர் கோபத்தில் அவள் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். மூன்று நாளாக அவள் பள்ளிக்குப் போகவில்லை. அந்தப் போனில்தான் படிக்கவும் செய்தாள். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் பீரோவைத் திறந்து போனை எடுத்து அவளிடம் கொடுங்கள். அவள் அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது தப்பு செய்தவர் கையில் போன் இருக்கிறது, அடிபட்ட பிள்ளையிடம் இல்லை. தண்டனை அவளுக்குத்தான் என்றாகிவிட்டது.

மலைப் பள்ளிகளில் பேசப் போகும்போது, 'இப்படி ஒன்று நடந்தால் வீட்டில் சொல்வீர்களா?' என்று கேட்பேன். 'சொன்னா போனைப் புடுங்கிருவாங்க சார்' என்பார்கள். கூடலூர் பக்கம் ஒரு மாணவிக்கு வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு வந்தால்தான் வரும். காலையில் அங்கே வந்ததும் ராத்திரி முழுக்க வந்த கேலியெல்லாம் டிங் டிங் என்று மொத்தமாக இறங்கும். அவள் அந்த வளைவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் நடக்க ஆரம்பித்தாள். கடைசியில் பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னாள். புகார் கொடுக்கும்போது கையில் ஒன்றுமே இல்லை.

அதனால் இன்றைக்கே மகளோடு உட்கார்ந்து ஆதாரத்தைச் சேருங்கள். போலிக் கணக்கின் பெயர், படம், எழுதியது எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பயனர் பெயரையும் ப்ரொஃபைல் லிங்க்கையும் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பெயரை அவர்கள் நாளைக்கே மாற்றிவிடலாம். வாட்ஸ்அப் குரூப்பில் யார் எந்த எண்ணிலிருந்து போட்டார்கள் என்பதையும் எடுங்கள். அதற்கு முன் குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம். 'யார் செஞ்சதுன்னு தெரியுமா' என்று கேட்டு அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களுக்குக்கூட அனுப்பிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் அதுவும் பரப்புவதுதான். ஆபாசமாக மாற்றிய படம் என்றால் சட்டப்படியும் வம்பு.

அப்புறம் அந்தக் கணக்கை இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் செய்யுங்கள். 'என்னைப் போல நடிக்கிறார்கள்' என்ற வகையில் மகளே தன் கணக்கிலிருந்து செய்யலாம். யார் புகார் கொடுத்தது என்று எதிராளிக்குச் சொல்ல மாட்டார்கள். ஆள்மாறாட்டம், மார்ஃபிங் (படத்தை வெட்டி ஒட்டி மாற்றுவது) புகார்களுக்கு 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021 விதிகளே கெடு வைத்தன. நிர்வாணமாக மார்ஃப் செய்த படம் என்றால், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும், அதை வைத்து அந்தச் சேவையில் சேர்ந்த தளங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

போலீஸ் என்றதும், ஜீப் வந்து லைன் வீட்டு வாசலில் நிற்குமே என்று பயப்படுவீர்கள். மாவட்டத் தலைநகரான ஊட்டிக்கு அலைய வேண்டாம், பக்கத்துக் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. உதவி எண் 1930. குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கிறது. அடுத்தவர் பெயரில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். எழுதியதோ படமோ பாலியல் தொல்லையாக இருந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் வரும். அந்தச் சட்டப்படி வாக்குமூலம் வாங்க வருகிறவர் சீருடையில் வரக்கூடாது. குழந்தை விரும்பும் இடத்திலேயே, கூடியவரை பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும். இதைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

சுற்றுலாப் படம் வகுப்புக் குரூப்பில் மட்டும்தான் இருந்தது என்றால், செய்ததும் பெரும்பாலும் கூடப் படிக்கிற பிள்ளையாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் நேரே போய்ச் சட்டையைப் பிடித்தால் விவகாரம் திசைமாறிவிடும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பள்ளி கண்டுகொள்ளவில்லை என்றால் கல்வித்துறையின் 14417-ஐக் கூப்பிடுங்கள்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். டியூஷனுக்குப் பஸ் ஏற வேண்டிய பிள்ளைக்கு அரசுப் பாடப்புத்தகமும் கல்வி டிவி பாடமும் கிடைப்பது அதில்தான். பொதுத்தேர்வு வருஷத்தில் அதை மூடக்கூடாது. அவள் கணக்கில் பிறந்த வருஷம் என்ன போட்டிருக்கிறாள் என்று மட்டும் பாருங்கள். நிறையப் பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போடுகிறார்கள். உண்மையான வயது இருந்தால்தான் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பாதுகாப்பெல்லாம் தானாக வரும். அதைத் திருத்தி, கணக்கை 'பிரைவேட்' ஆக்குங்கள்.

அவள் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, செத்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாலோ கூட, தனியாக விடாதீர்கள். 14416-ல் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும்.

பள்ளிக்கு அவளோடு நீங்களும் போங்கள். ஒரு நாள் கூலி போகும், தெரிந்துதான் சொல்கிறேன். தலைமையாசிரியர் அறையில் நீங்கள் பேசுங்கள். அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.