கிரகித்தல் விடை ஏன் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது? டீச்சரிடம் கேள்வி பதில்

தரம் 6 முதல் 9 வரை 27 வருடம் தமிழ் படிப்பித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். தவணைப் பரீட்சை வரப்போகிறது, கிரகித்தல் பகுதியை, அதாவது ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொண்டு வினாக்களுக்கு விடை எழுதும் பகுதியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், மகன் தரம் 7. பந்தியை வாசித்துவிட்டு வாயால் கேட்டால் வடிவாகச் சொல்கிறான். எழுதச் சொன்னால் ஒரு வரிதான். ஏன்?

நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், அதுதான். அவன் ஒன்று சொன்னதும் "ஏன்?", "பிறகு?" என்று கேட்கிறீர்கள். தாளில் அப்படிக் கேட்க ஆளில்லை. ஐந்தாம் தரம் வரை பழகிய பழக்கமும் ஒரு காரணம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதற்பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள். சரியானதைத் தெரிவு செய்தால் போதும். அந்தக் கை ஆறாம் தரத்துக்கு வந்தவுடன் நான்கு வரி எழுதிவிடாது.

இப்படிச் செய்து பாருங்கள். வினாவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் புள்ளியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 1 என்றால் ஒரு விடயம் போதும். 3 என்றால் ஒரு வரியோடு பேனையை வைக்கக்கூடாது. எழுதி முடித்ததும் அவனே பென்சிலால் ஓரத்தில் "ஏன்?" என்று எழுதட்டும். அதற்கு விடை தாளில் இல்லாவிட்டால் இன்னொரு வாக்கியம் சேர்க்க வேண்டும். இரண்டு கிழமைக்கு இது மட்டும் போதும், வேறொன்றும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அப்பா: மகள் பந்தியில் உள்ள வரிகளை அப்படியே இறக்கிவிடுகிறாள். விடை அதற்குள்தானே இருக்கிறது, பிறகு ஏன் புள்ளி வெட்டுகிறார்கள்?

விடை இருக்கலாம் ஐயா, அதோடு கேட்காததும் நாலு வரி வந்துவிடுகிறதே. "உமது சொந்த வசனத்தில் எழுதுக" என்று போட்டிருந்தால் சரியான வரியை இறக்கினாலும் முழுப்புள்ளி வராது.

ஒரு உதாரணம். கொழும்பு கோட்டைப் பகுதியில் உள்ள மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்ததால் 1952இல் அந்த வேலை நின்றுபோனது. இதை ஒரு பந்தியாகத் தந்து, "கலங்கரை விளக்கம் கைவிடப்பட்டது ஏன்?" என்று கேட்டால், பார்த்து எழுதும் பிள்ளை "கொழும்பு கோட்டைப் பகுதியில் உள்ள மணிக்கூட்டுக் கோபுரம்" என்றே தொடங்கும். பந்தியைக் கொப்பியால் மூடிவிட்டு, தம்பிக்குச் சொல்வதுபோல வாயால் சொல்லச் சொல்லுங்கள். "பெரிய கட்டடங்கள் வந்ததால் கப்பல்காரருக்கு வெளிச்சம் தெரியவில்லை." அதுதான் விடை, அதையே எழுதலாம். ஊர்ப்பெயர், ஆண்டு, ஆட்பெயர் ஆகியவற்றை மட்டும் பந்தியைத் திறந்து சரிபார்க்க வேண்டும்.

தெகிவளையிலிருந்து ஒரு அக்கா: "அவரது மனநிலை எத்தகையது? சான்று தருக" என்ற வகை வினாவில்தான் என் பிள்ளை சறுக்குகிறான். பந்தியில் அப்படி ஒரு சொல்லே இல்லையே என்கிறான்.

பிள்ளை சொல்வது உண்மைதான், அந்தச் சொல் பந்தியில் இருக்காது. என் வகுப்புக்கு நானே எழுதி வைத்திருந்த ஒரு பந்தி இது:

"மழை பிடித்ததும் காலிமுகத்திடலில் சனம் கலைந்தது. வடைக்காரர் தறப்பாளை இழுத்து வண்டியை மூடினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இறால் வடைகள் அடுக்கியபடியே இருந்தன. சட்டைப்பையில் இருந்த காசை எண்ணினார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி எண்ணினார்."

வகுப்பில் பாதிப்பேர் எழுதியது: "அவர் கவலையாக இருந்தார். ஏனெனில் மழை பெய்தது." தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்தால் எல்லோருமா கவலைப்படுகிறார்கள்? வெயிலில் காய்ந்த ஆளுக்கு அது சந்தோஷம். மழைக்கும் கவலைக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, வியாபாரம். அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஒரு பிள்ளை, அவ்வளவாகக் கதைக்காத பிள்ளை, இப்படி எழுதியிருந்தது: "வடை விற்காததால் அவர் கவலைப்படுகிறார். காசை 'மறுபடி எண்ணினார்' என்று இருக்கிறது. ஒருமுறை எண்ணினாலே தொகை தெரியும். குறைவாக இருப்பதை நம்ப முடியாமல்தான் திரும்ப எண்ணுகிறார்." இந்த விடைக்கு நான் முழுப்புள்ளி போட்டேன். பந்தியிலிருந்து எடுத்தது இரண்டே சொல். மற்றதெல்லாம் அந்தப் பிள்ளையின் யோசனை.

வீட்டில் பழக்க, பந்தியில் ஆள் *செய்யும்* காரியங்களுக்குக் கீழே கோடிடச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் காட்டி, "சும்மா இருக்கிற மனுசன் இதைச் செய்வானா?" என்று கேளுங்கள். கடலைப் பார்ப்பான், காசை இரண்டு தரம் எண்ணமாட்டான். சான்று அங்கேதான்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு அம்மா: மகள் சர்வதேசப் பாடசாலை. அங்கே பொயின்ட், எவிடன்ஸ், எக்ஸ்பிளனேஷன் (கருத்து, சான்று, விளக்கம்) என்று மூன்று படியாக எழுதச் சொல்கிறார்கள். தமிழுக்கும் அது சரிவருமா?

தாராளமாக. மேலே அந்தப் பிள்ளை எழுதியதும் அதே மூன்று படிதான், பெயர் தெரியாமலே. ஒரு தவணைக்குப் பிடித்து நடக்கட்டும். பிறகும் விடாமல் எல்லா விடையையும் "இதற்குச் சான்றாக, இதிலிருந்து தெரிவது யாதெனில்" என்றே எழுதினால் 30 தாளும் ஒரே தாள் போல இருக்கும், திருத்துபவருக்குக் கொட்டாவி வரும். ஒரு புள்ளி வினாவுக்கு மூன்று படி தேவையுமில்லை.

வத்தளையிலிருந்து ரியூஷன் கொடுக்கும் ஒரு தம்பி: பந்தியை முதலில் வாசிப்பதா, வினாவை முதலில் வாசிப்பதா?

வினாவை ஒருதரம் மேலோட்டமாக, பிறகு பந்தியை முழுதாக. வினாவை வைத்துக்கொண்டு பந்திக்குள் சொல் தேடும் பிள்ளை, மனநிலை வினாவில் கட்டாயம் மாட்டும். இன்னொன்று தம்பி, மாதிரி விடைகளைப் பாடமாக்கக் கொடுக்காதீர்கள். பந்தி மாறினால் அது உதவாது.

தரம் 8 மாணவி: மிஸ், ர-ற, ன-ண பிழை விட்டால் புள்ளி குறையுமா?

குறையலாம் மகள். ஆனால் பிழை வந்துவிடும் என்று பயந்து தெரிந்ததை எழுதாமல் விட்டால் அந்த வினாவுக்கே புள்ளி இல்லை. முதலில் எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ர-ற மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள், பிறகு ன-ண. இரண்டையும் ஒன்றாகத் தேடினால் கண் இரண்டையுமே விட்டுவிடும்.