ஜனவரியில் மினசோட்டா: பேறுகாலத்துக்குப் போகும் அம்மாவுக்கு

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மினியாபொலிஸ் பக்கம் இருக்கிறாள். ஜனவரி நடுவில் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் கணவரும் டிசம்பர் முதல் வாரம் போய் மார்ச் கடைசியில் திரும்புவதாக டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறோம். எனக்கு 61, அவருக்கு 68. அவருக்குச் சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறார். "அது ஐஸ் பெட்டி, நாலு மாசமும் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கணும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் அது எப்படிப்பட்ட ஊர்? என்ன ஏற்பாட்டோடு போக வேண்டும்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி சரி. ஐஸ் பெட்டிதான். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் அடைந்து கிடப்பதில்லை. மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் பால் நகரத்தில் பதினொரு குளிர்காலம் புவியியல் பாடம் எடுத்துக்கொண்டு இருந்தவன் நான். முதல் வருஷம் உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னபடிதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மற்ற பத்து வருஷமும் அப்படி இல்லை.

முதலில் ஒரு திருத்தம். திரும்பும் டிக்கெட்டை மே முதல் வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். பார்வையாளர் விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கும். இறங்கியதும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் கெடு தேதி என்ன என்று மகளைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தேதியை மாற்றுங்கள். எதற்கு மே என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

மினசோட்டா வட அமெரிக்கக் கண்டத்தின் கிட்டத்தட்ட நடுவில், கனடாவை ஒட்டி இருக்கிறது. குளிரைத் தணிக்கப் பக்கத்தில் கடல் கிடையாது. ஆர்க்டிக் காற்றைத் தடுக்க வடக்கே மலையும் கிடையாது. கதவு திறந்து கிடக்கிற வீடு மாதிரி, மேலேயிருந்து வருகிற காற்று அப்படியே உள்ளே வரும். மினியாபொலிஸில் ஜனவரியில் பகலின் சராசரி உச்சமே மைனஸ் 5 டிகிரி செல்சியஸ்தான், இரவில் மைனஸ் 13. இது சராசரி. மைனஸ் 25-க்குப் போகிற நாட்கள் பல வருஷங்களில் வரும். மாநிலத்தின் வடக்கே டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 பதிவானது. அதே மாநிலத்தில் ஜூலையில் 35 டிகிரி வெயிலும் அடிக்கும்.

அங்கே வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில்தான் சொல்வார்கள். 32 என்றால் தண்ணீர் உறையும் நிலை. பூஜ்யம் என்றால் நம் கணக்கில் மைனஸ் 18. மைனஸ் 40-ல் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும், அன்றைக்கு மொழிபெயர்க்க வேண்டிய வேலை இல்லை! அதோடு 'விண்ட் சில்' என்று இன்னொரு எண் சொல்வார்கள். காற்றோடு சேர்ந்து உடம்பில் உறைக்கும் குளிர் அது. வெளியே கிளம்பும் முன் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அந்த மாநிலத்தைச் செதுக்கியதும் பனிதான். சுமார் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் பனியாறுகள் பின்வாங்கியபோது தரையில் விட்டுப்போன பள்ளங்களில் நீர் தேங்கியது. கார் நம்பர் பலகையில் '10,000 ஏரிகள்' என்று போட்டிருப்பார்கள். தன்னடக்கம். பத்து ஏக்கருக்கு மேல் உள்ள ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842. பெயர் வைத்து ஓய்ந்துபோய், 'மட் லேக்', அதாவது சேற்று ஏரி என்ற ஒரே பெயரை நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்கு வைத்துவிட்டார்கள். மினசோட்டா என்ற பெயரே அந்த மண்ணின் பூர்வகுடிகளான டக்கோட்டாக்களின் மொழிச் சொல்தான். கலங்கிய நீர் என்றும், வானத்தின் நிறமுள்ள நீர் என்றும் பொருள் சொல்வார்கள். மிசிசிப்பி ஆறு பிறப்பது இங்கேதான், இட்டாஸ்கா ஏரியில். அங்கே கற்களில் கால் வைத்து ஆற்றை நாலைந்து எட்டில் தாண்டிவிடலாம். வடக்கே ஹிப்பிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதன் மேல் விழும் மழை ஒரு பக்கம் ஹட்சன் விரிகுடாவுக்கும், ஒரு பக்கம் பேரேரிகள் வழியாக அட்லான்டிக்குக்கும், இன்னொரு பக்கம் மெக்சிகோ வளைகுடாவுக்கும் ஓடும்.

நீங்கள் இறங்கும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே மினசோட்டா ஆறும் மிசிசிப்பியும் கூடுகின்றன. டக்கோட்டா மக்களுக்கு அது தங்கள் இனம் தோன்றிய இடம். அதன் மேட்டில்தான் அமெரிக்க ராணுவம் ஸ்நெல்லிங் கோட்டையைக் கட்டியது. 1851 ஒப்பந்தங்களில் டக்கோட்டாக்களின் நிலம் ஏறக்குறைய எல்லாமே அமெரிக்க அரசின் கைக்குப் போனது. பதிலுக்குத் தருவதாகச் சொன்ன பணமும் தானியமும் ஒழுங்காக வரவில்லை. 1858-ல் மினசோட்டா 32-ஆவது மாநிலமானது. நாலு வருஷத்தில், 1862 கோடையில், பட்டினி போராக வெடித்தது. அந்த டிசம்பர் 26 அன்று மேன்கேட்டோ ஊரில் 38 டக்கோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது வேறெங்கும் இல்லை. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று சுமார் 1,600 பேரை அந்தக் குளிர்காலம் முழுக்கக் கோட்டைக்குக் கீழே ஆற்றங்கரையில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே போனால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ஊரின் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்ததாக அர்த்தம்.

பிறகு கோதுமை வந்தது. குளிர் கடுமையாக இருப்பதால் அங்கே வசந்தத்தில்தான் கோதுமை விதைப்பார்கள். அந்த மணி கெட்டியானது, பழைய கல் திரிகையில் தவிடு மாவோடு கலந்துவிடும். மினியாபொலிஸ் ஆலைக்காரர்கள் இரும்பு உருளைகளையும் தவிட்டைப் பிரிக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்து இதைச் சமாளித்தார்கள். மிசிசிப்பியின் ஒரே பெரிய அருவியான செயின்ட் ஆன்டனி அருவி ஆலைகளை ஓட்டியது. 1880 முதல் 1930 வரை உலகின் மாவுத் தலைநகரம் என்றே அந்த ஊரைச் சொன்னார்கள். மாவுத் தூசு காற்றில் மிதந்தால் வெடிமருந்து மாதிரி. 1878-ல் வாஷ்பர்ன் ஆலை அப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் மறுபடி கட்டிய ஆலையும் பின்னால் எரிந்துபோக, அந்த இடிபாட்டுக்குள் இப்போது 'மில் சிட்டி' அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய சரக்கு லிப்ட்டில் உட்கார வைத்து மாடி மாடியாக ஏற்றி ஆலைக் கதையைச் சொல்வார்கள். பனி கொட்டுகிற நாளுக்கு ஏற்ற இடம், உங்கள் கணவருக்குப் பிடிக்கும். வடக்கே மெசாபி என்ற குன்றுத் தொடரில் இரும்புத்தாது எடுத்தார்கள். தாது தோண்டத் தோண்ட, முன்னே சொன்ன ஹிப்பிங் ஊரையே பெயர்த்து நகர்த்தினார்கள். அது நீண்ட கதை, கோடையில் போகிறவர்களுக்கு.

இனி மனிதர்கள். ஜெர்மானியர், நார்வேக்காரர், ஸ்வீடன்காரர் வந்து குடியேறிய ஊர். குரலை உயர்த்த மாட்டார்கள், முகத்துக்கு நேரே மறுக்கவும் மாட்டார்கள். 'மினசோட்டா நைஸ்' என்று இதற்குப் பெயரே உண்டு. தட்டில் கடைசித் துண்டு கேக்கை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டுவார்கள், அதையும் பாதியாக வெட்டுவார்கள். விடைபெறுவது மேசையில் தொடங்கி, வாசலில் தொடர்ந்து, கார் கதவைப் பிடித்தபடி முடியும். நம் கல்யாண வீட்டு விடைபெறல் மாதிரிதான், உங்களுக்குப் பழகிவிடும். உங்கள் மகள் வீட்டு வாசல் பனியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமலே தள்ளிவிட்டுப் போவார். ஆனால் வீட்டுக்குக் கூப்பிட வருஷக்கணக்கில் ஆகலாம். 'மினசோட்டாக்காரர் எல்லா இடத்துக்கும் வழி சொல்வார், தன் வீட்டுக்கு மட்டும் சொல்ல மாட்டார்' என்று அவர்களே கேலி பேசுவார்கள். முகம் திருப்புகிறார்கள் என்று நினைத்து மனம் கோணாதீர்கள்.

பேறுகாலத்துக்குப் போகும் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஹமாங் மக்களைப் பற்றி. லாவோஸ் மலைகளிலிருந்து, வியட்நாம் போருக்குப் பின் 1975 முதல் அகதிகளாக வந்தவர்கள். செயின்ட் பாலில் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் பத்தியம்: மூலிகை போட்டு வேகவைத்த கோழிச் சாறும் சூடான சோறும்தான், குளிர்ந்தது எதுவும் கூடாது. அவர்களுடைய சந்தைக்குள் நுழைந்தால் பாகற்காய், காந்தாரி மாதிரிக் காரமான சின்ன மிளகாய், எலுமிச்சைப்புல், கட்டுக் கட்டாகக் கீரை எல்லாம் இருக்கும். நான் அங்கே ஒரு பாட்டியிடம் கீரைக்கட்டைக் காட்டிக் கையைப் பிள்ளை தாலாட்டுவது போல் ஆட்டிக் காட்டினேன். அந்த அம்மா சிரித்து, அதை வாங்கி வைத்துவிட்டு வேறொரு மூலிகைக் கட்டை என் கையில் திணித்தார். மகளை மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லி வாங்குங்கள். சோமாலிக் கடைகளில் ஆட்டுக்கறி நன்றாக இருக்கும். மினியாபொலிஸ் பக்கத்து மேப்பிள் குரோவில் பெரிய இந்துக் கோயில் இருக்கிறது. அதனால் பெருங்காயமும் சுக்கும் மருந்துப் பொடியும் எடுத்துப்போனால் போதும், மளிகைக் கடையையே பெட்டியில் கட்ட வேண்டாம்.

குளிருடுப்பும் இங்கிருந்து வாங்காதீர்கள். நம் ஊர்க் கடை ஸ்வெட்டர் அங்கே வீட்டுக்குள் போடத்தான் உதவும். மினசோட்டாவில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. உள்ளே ஒட்டிய மெல்லிய அடுக்கு, நடுவில் கம்பளி, மேலே காற்று புகாத கோட்டு என்று மூன்றடுக்கு. கைவிரல் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நாலு விரலும் சேர்ந்திருக்கும் 'மிட்டன்' கதகதப்பு. புடவையில் வெளியே போக வேண்டாம், கீழே காற்று ஏறும். பனியைவிட ஆபத்து, உருகி மறுபடி உறைந்த கண்ணாடிப் பனி. பூட்ஸின் அடியில் மாட்டும் முள் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன எட்டாக, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நடங்கள். பெங்குவின் நடை என்று பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

உங்கள் கணவர் விஷயத்தில் கவனம் தேவை. பல வருஷச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கியிருந்தால் விரல் உறைவது அவருக்குத் தெரியாது. வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் காலுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். வெளுத்தோ மரத்தோ இருந்தால் தேய்க்கக் கூடாது, வெந்நீர்ப் பையோ ஹீட்டரோ வைக்கவும் கூடாது. உடனே மருத்துவ உதவி தேடுங்கள். இன்சுலின் ஒருமுறை உறைந்தால் பிறகு பயன்படாது. ஆகவே காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். விமானத்திலும் கைப்பையில்தான். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் வேலை செய்யாது. ஐந்து மாத மருந்தும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டும் எடுத்துப்போங்கள். காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு எது வரை கொடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பேர்பெற்ற மேயோ கிளினிக் மருத்துவமனை இருக்கும் மாநிலம்தான், ஆனால் அங்கே ஒரு ராத்திரி படுத்தால் பில் எவ்வளவு வரும் என்று யோசிக்கவே வேண்டாம்.

வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டுவிடும். மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும், கதவுக் குமிழைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் அடிக்கும். ஈரப்பதம் தரும் கருவி ஒன்றும் தேங்காய் எண்ணெயும் போதும்.

பலரையும் படுத்துவது குளிரைவிட இருட்டு. டிசம்பர் கடைசியில் மாலை நாலரைக்கே சூரியன் போய்விடும். காலை காப்பிக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மணி நேரம் வெளியே போய்விடுங்கள். மினியாபொலிஸ் நகர மையத்தில் கட்டடங்களை நம் கணக்கில் முதல் மாடி அளவில் இணைக்கும் மூடிய பாலங்கள் உண்டு, 'ஸ்கைவே' என்பார்கள். கோட்டு இல்லாமலே மைல் கணக்கில் நடக்கலாம். செயின்ட் பாலில் கோமோ பூங்காக் கண்ணாடி மாளிகை 1915 முதல் இருக்கிறது, நன்கொடை விருப்பப்பட்டால் போடலாம். வெளியே மைனஸ் 20, கதவைத் திறந்தால் மூக்குக் கண்ணாடி ஆவியில் மூடிக்கொள்ளும், ஈரமண் வாசனையும் பனைமரமும். பிப்ரவரியில் நான் அங்கே போய் உட்கார்ந்ததே அந்த வாசனைக்காகத்தான்.

ஏரிக்கும் போங்கள். தெளிந்த புதுப் பனி நாலு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அங்குள்ள கணக்கு. ஜனவரியில் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும். ஆனாலும் உள்ளூர்க்காரர் நடந்த தடத்தில் மட்டும் நடங்கள், பாலத்துக்குக் கீழும் ஓடையின் வாயிலும் வேண்டாம். ஏரி நடுவில் மரக் குடில்கள் நிற்கும். உள்ளே வாளியைக் கவிழ்த்து ஒருவர் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டகல ஓட்டையில் தூண்டில் விட்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால் காப்பி ஊற்றித் தருவார்.

இப்போது மே மாதத்துக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் கிளம்பினால் அழுக்குப் பனியும் சேறும்தான் உங்கள் ஞாபகத்தில் நிற்கும். ஊர்க்காரர்கள் காத்துக் கிடப்பது அதற்குப் பிறகு வரும் 'ஐஸ் அவுட்' நாளுக்கு, அதாவது பனி உருகி ஏரி திறக்கிற நாள். மினியாபொலிஸ் பக்கத்து மினடோங்கா ஏரியில் பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் வரும். படகு எல்லாக் குடாவுக்கும் போய்வர முடிகிற நாளை முறையாக அறிவிப்பார்கள். தேதிக்குப் பந்தயம் கட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே பனி கறுத்து, விரல் நீள ஊசிகளாகப் பிரிந்துவிடும். காற்று அவற்றைக் கரையோடு தள்ளும்போது வளையல் கடையைக் கவிழ்த்த மாதிரிச் சத்தம் வரும். பேரப்பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம், வெளியே எடுத்துப் போகலாம். தலையை மட்டும் நன்றாக மூடிவிடுங்கள், கரையில் அப்போதும் குளிரும்.