கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர் ஏரியில் டிரவுட் மீன் விடுவதை நிறுத்தப் போகிறார்களாம். ஏரி என்ன ஆகும்?

பதினான்கு வருடமாக சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் இருக்கிறேன். வார இறுதிகளில் பாதி தூண்டிலோடுதான் கழியும். அதனால் இதற்குப் பதில் எழுதாமல் கடந்து போக மனம் வரவில்லை.

உங்கள் ஏரி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஊரை ஒட்டிய தாழ்வான நீர்த்தேக்கம் என்றால், ஒரே கோடையில் டிரவுட் இல்லாமல் போய்விடும். அது குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறும், 25-ஐத் தொட்டால் பிழைப்பது கடினம். முட்டையிட ஓடுகிற நீரும் சரளைக்கல் தரையும் வேண்டும். நம் ஊர் நீர்த்தேக்கங்களில் பெரும்பாலும் அதற்கு வழியில்லை. அதனால்தான் குளிர்காலத்தில் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் நாம் பிடித்து முடித்துவிடுகிறோம்.

லாரி வரும் நாளைப் பார்த்திருப்பீர்கள். குழாயைத் திறந்ததும் அரை பவுண்டு மீன்கள் வெள்ளியாகச் சரிந்து விழும். கொஞ்ச நேரம் கரையோரமே திகைத்துச் சுற்றும். பண்ணைத் தொட்டியின் சிமெண்டில் உரசி உரசித் துடுப்பெல்லாம் மழுங்கியிருக்கும். என் மகள் ஆறு வயதில் பிடித்த முதல் மீன் அப்படி ஒன்றுதான். துடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு யாரு நகம் வெட்டிவிட்டாங்க?" என்று கேட்டாள்.

ஒரு வறட்சி வருடத்தில் நாங்கள் போகும் ஏரியில் மீன் விடவில்லை. பாஸ், கெளுத்தி, புளூகில் போன்ற மற்ற மீன்களெல்லாம் எப்போதும் போல இருந்தன. ஆட்கள்தான் இல்லை. காலை ஆறு மணிக்கே மடக்கு நாற்காலியோடு வந்துவிடும் வியட்நாமியத் தாத்தாக்கள், பிள்ளைகளோடு வரும் மெக்சிகோ குடும்பங்கள் எல்லோரும் நின்றுபோனார்கள். பாஸ் பிடிக்கப் படகு இருந்தால் நல்லது, பழக்கமும் வேண்டும். டிரவுட்டுக்கு ஒரு தக்கை, முள்ளில் கொஞ்சம் மாவு இரை போதும். கரையில் நின்று மீன் பிடிக்கிற ஏழை எளியவர்களுக்கு மிஞ்சியிருந்த சுலபமான மீன் அது ஒன்றுதான். இரைக்கடையும் அடுத்த வருடம் திறக்கவில்லை.

பெரிய பாஸ் மீன்களிலும் வித்தியாசம் தெரியும். தெற்கே காஸ்டெய்க் ஏரியில் 1991-இல் 22 பவுண்டு பாஸ் ஒன்று பிடிபட்டது. அங்கெல்லாம் பாஸ் அந்த அளவுக்குக் கொழுத்ததற்கு லாரியில் வந்த டிரவுட்டும் ஒரு காரணம். அந்தத் தீனி நின்றால் பாஸ் அழியாது, ஆனால் பூதம் மாதிரி வளர்வது குறையும்.

சியரா நெவாடா மலைத்தொடரின் உயரமான ஏரிகளில் கதையே வேறு. பனியாறுகள் குடைந்த அந்த ஏரிகளுக்கு, அருவிகளைத் தாண்டி மீன் ஏறி வந்ததே இல்லை. முதலில் கோவேறு கழுதை முதுகில் பால் கேன்களில் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் விமானத்திலிருந்தே குஞ்சுகளைக் கொட்டினார்கள். அங்கே மஞ்சள் கால் தவளை என்று ஒன்று உண்டு. அதன் தலைப்பிரட்டை தவளையாக இரண்டு மூன்று வருடம் ஆகும். ஆழமில்லாத குட்டை குளிர்காலத்தில் அடிவரை உறைந்துவிடும் என்பதால் ஆழமான ஏரியில்தான் அது பிழைக்க முடியும். டிரவுட்டை விட்டதும் அதே ஏரிகளில்தான். தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்த்தன. தவளையை நம்பியிருந்த பாம்புகள் குறைந்தன. நீரிலிருந்து கிளம்பும் மே ஈக்கள் குறைந்ததால் அவற்றைத் தின்னும் மலைக்குருவிகளும் அந்த ஏரிகளுக்கு வருவது குறைந்தது.

அந்த மலைகளில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1991-இல் மீன் விடுவதை நிறுத்தினார்கள். ஆனால் மலை ஏரிகளில் நிறுத்தினால் மட்டும் போதாது. தண்ணீர் குளிர்ச்சி, ஓடையில் சரளைக்கல் இருக்கிறது, எனவே பல ஏரிகளில் டிரவுட் தானே பெருகி இன்றும் இருக்கிறது. பக்கத்திலுள்ள செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் வலை போட்டு ஏரி ஏரியாக அகற்றுகிறார்கள். மீனை அகற்றிய ஏரிகளில் சில வருடங்களிலேயே தவளை பெருகியது. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சையும் தவளைகளைக் கொன்றுகொண்டிருந்தது. அப்படியிருந்தும், 2016-இல் வெளியான ஆய்வின்படி, யோசெமிட்டியில் இருபது வருடத்தில் தவளைகள் ஏழு மடங்கு ஆயின.

டிரவுட்டா தவளையா என்ற இந்தச் சண்டையால்தான் ஊர் ஏரிகளும் அடிபட்டன. சூழல் அமைப்புகள் 2006-இல் வழக்குப் போட்டன. பாதிப்பை ஆராயாமல் பல இடங்களில் மீன் விடக்கூடாது என்று 2008-இல் நீதிமன்றம் சொன்னது. 2010-இல் அந்த ஆய்வறிக்கை முடிந்தது.

என்னைக் கேட்டால், மலை ஏரிகளில் நிறுத்தியது சரி, இன்னும் முன்னாடியே செய்திருக்க வேண்டும். ஊர் நீர்த்தேக்கம் வேறு விஷயம். மனிதன் அணை கட்டி உண்டாக்கிய தண்ணீர் அது. அங்கே அழிவில் இருக்கும் உயிர் எதுவும் இல்லையென்றால், வருடத்துக்கு நான்கு மாதம் பிள்ளைகள் மீன் பிடிக்கட்டும். உங்கள் ஊர்க் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த உயிரினத்துக்காக நிறுத்துகிறீர்கள்? பணம் இல்லை என்றால், மீன்பிடி உரிமக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு மீன் பண்ணைகளுக்கும் உள்நாட்டு மீன்வளத்துக்குமான நிதிக்கு என்று மாநிலச் சட்டமே சொல்கிறதே, அதில் நம் ஏரிக்கு எவ்வளவு வருகிறது?

போன ஆகஸ்டில் மகளோடு யோசெமிட்டியில் மீன் இல்லாத ஓர் ஏரிக்கு ஏறிப் போனேன். கரையில் கால் வைத்ததும் கல்லுக்குக் கல் தவளைகள் பொத் பொத்தென்று தண்ணீரில் விழுந்தன. கையில் எடுத்தால் பூண்டு வாசனை வருமாம். தொடக்கூடாது என்பதால் தொடவில்லை. தூண்டிலைப் பற்றி அவள் அன்று முழுக்கக் கேட்கவே இல்லை. மூன்று அங்குலத் தலைப்பிரட்டை ஒன்று வெயில் பட்ட ஆழமில்லாத நீரில் அசையாமல் கிடந்தது. மதியம் வரை அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.